கூப்பிடும் குரல் கேட்கிறதா?

(அடுகோடி சத்சங்கத்தில் ஆற்றிய உரை)



நாம் பகவானைக் கூப்பிடுவதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். முதலை காலைக் கவ்வியபோது கஜேந்திரன் "ஆதிமூலமே" என்று கதறினான். அவன் கருடன் மேல் ஏறி ஓடி வந்தான். இன்று அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். அவன் நம்மைக் கூப்பிட்டால் நமக்குத் தெரியுமா? தெரிந்தாலும் எழுந்து போவோமா?

கனவிலோ அசரீரியாகவோதான் அழைப்பு வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். மகான்கள் விஷயம் வேறு. 1896-ல் மதுரையில் 16 வயதுப் பையன் வேங்கடராமன் வீட்டை விட்டு அருணாசலத்துக்குக் கிளம்பினார். ரமண மகரிஷி ஆனார். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு அழைப்பு பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் கஷ்டமாகத்தான் வருகிறது.

சகோதரி சுப்புலட்சுமி என்ற பெயர் இங்குள்ள மாமிகள் சிலருக்காவது தெரிந்திருக்கும். 1886-ல் மயிலாப்பூரில் நம் குலத்தில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவர் காலமாகிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தையின் கதி என்ன? தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்து, சுப காரியங்களில் முகத்தில் விழிக்கக் கூடாது என்பார்கள். அவருடைய தகப்பனார் சுப்ரமணிய ஐயர் ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் பெண்ணைப் படிக்க வைத்தார். 1911-ல் அவர் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்ற பெருமையும் கிடைத்தது.

அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் தன்னைப் போலவே மூலையில் உட்கார்த்தப்பட்ட குழந்தைகள் அவர் கண்ணில் பட்டார்கள். 1912-ல் நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு சாரதா இல்லத்தைத் தொடங்கினார். எண்ணிக்கை பெருகி, இடம் போதாமல், கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாற்றினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த அதே கட்டடம்தான். அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? நம்மவர்களிடமிருந்துதான். ஆசாரம் கெட்டது என்றார்கள். அவர் சண்டை போடவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஓர் ஆசை மனதில் எழுகிறது. அது பகவானின் அழைப்பா, நம் அகங்காரமா? மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கஷ்டத்தை உள்ளே இருந்து அறிந்தவனா நான்? என்னால் இன்றே செய்யக்கூடிய முதல் அடி ஒன்று இருக்கிறதா? மாலையும் பொன்னாடையும் கிடைக்காவிட்டாலும் செய்வேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தயங்க வேண்டாம்.

இப்போது நம் அடுகோடிக்கு வருவோம். பக்கத்திலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்களில் பலருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நான் ரிடையர் ஆன பிறகு வாரம் ஒரு நாள் காலையில் போய் நிற்கிறேன். "சார், நீங்க தமிழா?" என்று ஒரு வயதான அம்மா கேட்டார். கையில் மகனின் பரிசோதனைச் சீட்டு. எந்தக் கவுன்டருக்குப் போவது என்று காட்டி, ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிஷம். அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பாதி பாரம் குறைந்தது.

நமக்குத் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும், ஃபாரம் எழுதவும் தெரியும். நாற்பது வருஷம் ஆபீஸில் வேறென்ன செய்தோம்? பகவான் இத்தனையும் கொடுத்து, இந்த ஊரில், இந்தத் தெருவில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். இதற்கு மேல் அசரீரி வேறு வேண்டுமா?

அதற்காக ஜபத்தையும் பூஜையையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று வேளை சந்தியாவந்தனமும் நம் காதைத் தீட்டி வைக்கிறது. தினம் அவன் முன்னால் சற்று நேரம் சும்மா இருந்து பழகினவனுக்குத்தான் மெல்லிய குரலும் கேட்கும். ஆனால் கேட்ட பிறகு எழுந்திருக்க வேண்டும்.

எல்லோராலும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. முழங்கால் வலி இருக்கும். வீட்டிலேயே படுத்த படுக்கையாக மாமியார் இருப்பார். அவர் "தண்ணி" என்று கூப்பிடுவதும் அழைப்புதான், அதை விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, அடுத்த பிளாட்டில் தனியாக இருக்கும் மாமாவுக்குத் தினம் ஒரு குரல் கொடுக்கலாம். முடிந்தவர்கள் வாரத்தில் ஒரு காலை மட்டும் என்னோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயரும், வரக்கூடிய கிழமையும் எழுதினால் போதும்.

எல்லோருக்கும் பகவத் அனுக்ரஹம் பரிபூரணமாகக் கிட்டப் பிரார்த்திக்கிறேன். நமஸ்காரம்.