இரத்தப் பரிசோதனை தாய்மாருக்கு மட்டும்தானா?

(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைய விசயத்தைக் கேட்டதும் சிலர் தலையைக் குனிவீங்க. குனிய வேண்டாம். சீனி வியாதி, பிரசர் மாதிரி இதுவும் ஒரு வியாதியின் கதைதான்.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக 1987ஆம் ஆண்டு தெரியவந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 439 பேர். 2021இல் 411 பேர். 2022இல் 607 பேர். கொரோனாக் காலத்தில் பரிசோதனை குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் கொரோனாவுக்கு முந்திய 2019ஐ விடவும் இது கூடத்தானே? இவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். வாலிபப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இதே நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சான்று கொடுத்தது. எப்படி முடிந்தது? கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போனதும் இரத்தம் எடுக்கிறார்கள். நோய் இருந்தால் உடனே மருந்து கொடுக்கிறார்கள். பிள்ளை தப்பிக்கிறது. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூச்சப்படாமல் கையை நீட்டிய நம்ம தாய்மாருக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

அப்படியானால் ஆம்பிளைங்க நாம ஏன் பயப்படுறோம்?

கொழும்பில் கடை வேலை செய்யும் ஒரு தம்பி, தீபாவளிக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேர், சோதிச்சுப் பார்க்க ஆசைதான். லயத்துல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்றார். நோயை விட நம்ம வாய்க்குத்தான் அவர் பயந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதால், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், நுளம்பு கடிப்பதால் எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், தாயிடமிருந்து பிள்ளை, இவைதான் வழி. ஆணுறை பாவித்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. பல வருசம் சுகமாகவே இருப்பார்கள். அதனால்தான் பரிசோதனை தேவை.

நுவரெலியா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்க் கிளினிக்குகள் இருக்கின்றன. காசு இல்லை. இரகசியம் காப்பார்கள். சந்தேகமான தொடர்பு நடந்து கொஞ்ச நாள்தான் என்றால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் சோதிக்க வேண்டும். சிபிலிஸ் என்றால் ஊசி மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. என்றால் தினமும் மருந்து எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. வேலை செய்யலாம், குடும்பம் நடத்தலாம்.

தம்பிமாரே, உங்கள் அம்மா உங்களுக்காகக் கை நீட்டினார். நீங்களும் ஒரு தரம் கை நீட்டுங்கள். பெரியவர்களே, கிளினிக்குக்குப் போய் வரும் பிள்ளையைப் பார்த்து "எதுக்குப் போனே?" என்று கேட்காதீங்க. அதுவே நீங்கள் செய்யும் பெரிய உதவி.