ஓர் உரிமம், பல கணிப்பொறிகள்

(தில்லியில் இளநிலை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்பு நடைபெற்றது. நாற்காலி, மேசை, மின்விசிறி யாவும் பதிவேட்டுடன் ஒத்திருந்தன. மென்பொருள் என்னும் தலைப்பின் கீழ் 'ஒன்று' என எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு குறுந்தகடும் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதே மென்பொருள் 14 கணிப்பொறிகளில் இயங்கிக்கொண்டிருந்தது. "இதை நிறுவியவர் யார்?" என்ற கேள்வி எழுந்ததும் எல்லோருடைய பார்வையும் ஓர் இளநிலை உதவியாளர் மீது விழுந்தது. மேலதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னதையே அவர் செய்திருந்தார். எழுத்தில் ஆணை ஏதும் இல்லை. விளக்கம் கோரும் குறிப்பாணை அவருக்கே சென்றது. வாய்மொழியாகச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். இன்று இப்பொருளைப் பற்றிப் பேச முன்வந்ததற்கு அதுவே காரணம்.

வாங்குவது பொருளா, அனுமதியா?

நாற்காலியை வாங்கினால் அது நமக்கே சொந்தம். எந்த அறையிலும் போட்டுக்கொள்ளலாம். மென்பொருளின் இயல்பு வேறு. நாம் விலை கொடுத்துப் பெறுவது, அதை இன்ன அளவில் பயன்படுத்தலாம் என்னும் அனுமதியே. உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று ஒரு வருமான வரி வழக்கில் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. மென்பொருளின் படியை வாங்குபவருக்கு வரையறுக்கப்பட்ட பயன்பாட்டு உரிமை கிடைக்கிறதேயன்றிப் பதிப்புரிமை அவருக்கு மாறுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். எனவே இரண்டாவது கணிப்பொறியில் நிறுவலாமா என்ற கேள்விக்கு விடை, குறுந்தகட்டில் இல்லை. உரிம ஆவணத்திலேயே உள்ளது.

உரிமங்கள் பலவகைப்படும். புதிய கணிப்பொறியுடன் சேர்ந்து வரும் உரிமம் பெரும்பாலும் அந்த ஒரு பொறிக்கே கட்டுப்பட்டது. பொறி கழிக்கப்பட்டால் உரிமமும் அதனுடன் போய்விடும். தொகுப்பு உரிமம் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள பொறிகளுக்கு உரியது. சில உரிமங்கள் பொறியை எண்ணாமல் ஆளை எண்ணுகின்றன. ஒரே நபர் தம் மேசைக் கணிப்பொறியிலும் மடிக்கணினியிலும் பயன்படுத்த அவை இடமளிக்கும். வேறு சில, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதை மட்டுமே கணக்கிடுகின்றன.

சட்டம் கூறுவது

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரல்களை இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முறையாகப் பெற்ற படியை வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்திற்காகவும், இழப்பு அல்லது சேதத்திற்கு எதிரான தற்காலிகக் காப்புப் படியாகவும் நகல் எடுக்கலாம். 1999இல் மேலும் ஒரு சலுகை சேர்க்கப்பட்டது: ஒருவர் தாம் முறையாகப் பெற்ற படியிலிருந்து வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டிற்காக நகல் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது.

இச்சலுகைகளின் எல்லையை நாம் உணர வேண்டும். காப்புப் படி என்பது அலமாரியில் இருக்க வேண்டியது. அடுத்த அறையில் வேலை செய்ய வேண்டியதன்று. சொந்தப் பயன்பாடு என்பது தனிமனிதருக்கு உரியது; அலுவலகத்தை அதனுள் அடக்க இயலாது. வீட்டில் பயன்படுத்துபவரும், வாங்கும்போது தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படித்துக்கொள்வது நலம்.

மீறலான படி என்று தெரிந்தே அதைக் கணிப்பொறியில் பயன்படுத்தினால், சட்டத்தின் 63ஆ பிரிவு ஏழு நாட்களுக்குக் குறையாத, மூன்றாண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாய நோக்கமோ வணிகத் தொடர்போ இல்லாதபோது, சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

நகலகமும் கணிப்பொறிக் கூடமும்

மாணவர்கள் இங்கு ஒரு கேள்வி எழுப்பலாம். தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்து நகலகத்தின் மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்தொகுப்புகளை நகலெடுப்பதற்குச் சாதகமாகத் தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு ஆயம் சில விவரங்களை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. புத்தகப் பக்கங்களுக்குக் கிடைத்த இடம் மென்பொருளுக்கும் கிடைக்காதா? அவ்வழக்கு, கற்பித்தலுக்காகப் படைப்புகளின் பகுதிகளை நகலெடுப்பது பற்றியது. கல்லூரிக் கூடத்தின் எல்லாப் பொறிகளிலும் ஒரே உரிமத்தை நிறுவலாம் என்று அது கூறவில்லை. ஆகவே அதைக் கேடயமாகக் கொள்வது விவேகமன்று.

கணக்கைச் சரியாகப் போடுதல்

பொருளாதாரம் பயின்றோர் அறிவர்: மென்பொருளின் முதற்படிக்குப் பெருஞ்செலவு, அடுத்த படிக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. செலவில்லாத படிக்கு விலை கேட்பது அநியாயம் என்று தோன்றுவது இதனாலேயே. ஆனால் முதற்படியின் செலவை யாரேனும் ஈடுசெய்தாக வேண்டும். அதனை எத்தனை பேரிடம், எந்த அடிப்படையில் பெறுவது என்பதற்கான ஏற்பாடே உரிமம்.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் சட்டப்படியே சிக்கனம் செய்ய முடியும். ஒரு புள்ளியியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக மட்டும். 30 பொறிகளுக்குத் தனித்தனி உரிமம், ஒன்று ரூ.20,000 என்றால் மொத்தம் ரூ.6 லட்சம். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதைத் திறப்பதில்லை என்றால், ஒவ்வொன்றும் ரூ.30,000 வீதம் எட்டு உடன்நிகழ் உரிமங்களுக்கு ரூ.2,40,000 போதும், 30 பொறிகளிலும் அது இருக்கும். பயன்பாட்டை அளந்தறியாமல் வாங்குவதே வீண்செலவிற்கும் விதிமீறலுக்கும் பொதுவான வேர்.

எண்ணிக்கை வரம்பில்லாத வழி

எத்தனை பொறிகளிலும் நிறுவிக்கொள்ள அனுமதிக்கும் உரிமங்களும் உள்ளன. ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். என்னும் பொது உரிமம் இத்தகையது. பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் அது இடமளிக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியான 'பாஸ்' இயங்குதளம் இம்மரபில் வந்தது. இந்திய மொழிகளிலும் இயங்குவது. திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதை விலக்கினால் காரணம் கூற வேண்டும் என்று மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்தது. எனினும் ஓர் எச்சரிக்கை: விலையின்றிக் கிடைப்பவை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. வீட்டுப் பயன்பாட்டிற்கு மட்டும் இலவசம் என்ற நிபந்தனையுள்ளவற்றை அலுவலகத்தில் நிறுவினால் அதுவும் மீறலே. பயிற்சிக்கும் பராமரிப்பிற்கும் ஆகும் செலவையும் ஒப்பிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

கொள்முதல் கோப்பிலேயே உரிமத்தின் வகையையும் எண்ணிக்கையையும் குறித்தல் வேண்டும். மென்பொருளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, எந்தப் பொறியில் எந்த உரிமம் உள்ளது, எந்நாளில் முடிவடைகிறது என்று பதிதல் வேண்டும். பொறி கழிக்கப்படும்போதும் மாற்றப்படும்போதும் அப்பதிவைத் திருத்துதல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, நிறுவும் பணியை எழுத்து மூலமான ஆணையின்றி எவரிடமும் ஒப்படைத்தலாகாது.

இறுதிக் குறிப்பு நமக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டியது. அன்று நான் என் பங்கைக் கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த உதவியாளர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. ஆயினும் அக்குறிப்பை, கேள்வி எழுந்த பின்பே எழுதினேன். அதற்கு முன்பே எழுதும் அலுவலர்களாக நீங்கள் இருத்தல் வேண்டும்.