புயல் ஓய்ந்த மறுநாள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)



புயல் அடிக்கும் இரவைப்பற்றிப் பேசுவோர் பலர். அது ஓய்ந்த மறுநாளைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். உயிர் பறிப்பது அந்த இரவு; ஆனால் ஒரு குடும்பம் தலைநிமிர்வதும் தலைகுனிவதும் அந்த மறுநாளிலேதான் முடிவாகின்றது. ஆகவே, அதைப்பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகின்றேன்.

கீழ்க்கரையோரத்து மக்களுக்குச் சூறாவளி புதிதன்று. 1964 டிசம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அழித்த புயல், 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2000 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய காற்று, 2020 டிசம்பரில் வந்த புரெவி, 2025 நவம்பரில் மலைநாட்டையே சரித்த டித்வா என்று பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் பெரும்பாலானவை நமது மாரியிலே, பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் வேளையிலே வந்தவை என்பதைக் கவனியுங்கள். வங்கக் கடலிலே புயல் பிறக்கும் காலமும் நமது கமக்காரன் தன் முதலனைத்தையும் மண்ணிலே போட்டுவிட்டு நிற்கும் காலமும் ஒன்றே.

அந்த இரவு

1978ஆம் ஆண்டிலே எண்ணற்ற குடும்பங்கள் பட்ட பாட்டை ஒரு குடும்பத்தின் வடிவில் கூறுகின்றேன். படுவான்கரையிலே மண்சுவரும் கிடுகுக் கூரையுமான வீடு. கணவன், மனைவி, பிள்ளைகள், ஒரு கிழவி. மாலையிலிருந்தே வாடைக்காற்று உரத்து வீசுகின்றது. இரவிலே கூரை பறக்கின்றது. கட்டிலின் கீழும் பெட்டகத்தின் ஓரத்திலும் பிள்ளைகளை ஒடுக்கி வைக்கின்றார்கள். பின்னர் திடீரென்று காற்று நின்று விடுகின்றது. “தப்பினோம்” என்று வெளியே வருகின்றார்கள். அங்கேதான் ஆபத்து!

அது புயலின் ஓய்வன்று, புயலின் கண். நமது கோளப் பகுதியிலே சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. கிழக்கிலிருந்து அது நெருங்கும்போது வடக்கிலிருந்து காற்று வரும். நடுப்பகுதி கடந்து சென்றபின் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்பி அடிக்கும். முதற் காற்றிலே ஆடிப்போன சுவர் இரண்டாங் காற்றிலே சரியும். முதற் காற்றிலே வேர் தளர்ந்த தென்னை மறுபக்கம் விழும். இதை அறிந்த குடும்பம் அமைதியான அந்த வேளையிலே கன்று தேடப் புறப்படாது. அருகிலுள்ள கல்வீட்டிற்கோ பாடசாலைக்கோ பிள்ளைகளுடன் ஓடும்.

அந்தச் சூறாவளியிலே 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் வரையான மக்கள் பாதிப்புற்றனர். ஏறத்தாழ 2,50,000 வீடுகள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத் தென்னையிலே நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் அழிந்தது. இவை வெறும் எண்களல்ல. தென்னை என்பது அக்குடும்பத்தின் கறிக்குத் தேங்காய், கூரைக்குக் கிடுகு, விளக்கிற்கு எண்ணெய், பெண்பிள்ளைக்குச் சீதனம். இன்று நடும் தென்னம்பிள்ளை பலன் தர ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை அந்த வீட்டிலே எதைக்கொண்டு உலை வைப்பது?

விடிந்தபின்

அன்பர்களே! விடிந்ததும் செய்ய வேண்டியவற்றிற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிலே உயிர், பின்னர் நீர், பின்னர் கூரை, அதன்பின் வயல், இறுதியிலே தோட்டம்.

விழுந்து கிடக்கும் மின்கம்பியை எவரும் தொடலாகாது. சரிந்த கூரையைக் கையால் அள்ளாதீர்கள்; வெள்ளத்திற்குத் தப்பிய பாம்பு அங்கேதான் சுருண்டிருக்கும். நீண்ட தடியால் கிளறிய பின்னரே கை வையுங்கள்.

கிணற்றைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மழைவெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரீன் இட்டு, அதன் பின்னரும் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். ஆனால் கடல்நீர் ஏறிய கிணற்றின் நிலை வேறு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது கரையோரத்திலே கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணற்பாங்கான நிலத்திலே நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். கிணறும் இடிந்து விழக்கூடும். அத்தகைய கிணற்றைத் துப்புரவாக்கிவிட்டு மாரிமழைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. அதுவரை குடிநீரை வெளியிலிருந்து கொணர்ந்து கொடுப்பது அரசின் கடன்.

வயலிலே வெள்ளம் நின்றால் வக்கடையை வெட்டி வடியவிடுங்கள். உவர் ஏறிய வயலிலே வரம்பைக் கட்டி மழைநீரைத் தேக்கி, சில நாள் நிறுத்தி வடித்து, மீண்டும் தேக்குங்கள். மழைதான் உப்பைக் கழுவும். வேறு குறுக்குவழி கிடையாது.

விழுந்த தென்னையைக் கண்டு அழுதுகொண்டு அதை அங்கேயே விட்டுவிடுவோர் பலர். அழுகும் குற்றியிலே காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழு அங்கேயே வளர்ந்து வண்டாகி, தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைத் துளைக்கும். புயல் விட்டுச்சென்றதை வண்டு தின்னும். ஆகவே குற்றிகளைத் தறித்து வளைக்கும் வேலிக்கும் பயன்படுத்துங்கள், எஞ்சியதை எரித்துவிடுங்கள். குருத்து முறியாத மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள், பொறுத்துப் பாருங்கள்.

யாருக்கு நிவாரணம்?

இத்தனையும் அக்குடும்பம் செய்யக்கூடியவை. அக்குடும்பத்தால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. உழுதவன் ஒருவன், உறுதி வைத்திருப்பவன் மற்றொருவன் என்ற நிலை நமது ஊர்களிலே இன்றும் இருக்கின்றது. வாய்ப்பேச்சிலே குத்தகைக்குச் செய்தவன் கடன்பட்டு விதைத்தான், பசளை போட்டான், புயல் அவனுடைய பயிரையே கொண்டுபோயிற்று. அழிவுக்கு நட்டஈடு எழுதும் வேளையிலே பதிவேட்டைத் திறந்தால் அங்கே அவன் பெயர் இல்லை! இதைவிடக் கொடுமை வேறுண்டா? காற்று காணி உறுதியைப் பார்த்து அடிப்பதில்லை. நிவாரணம் மட்டும் உறுதியைப் பார்த்துத்தான் வரவேண்டுமா?

கமக்காரர்களே, ஒவ்வொரு போகத்திலும் விதைப்பதற்கு முன்னரே கமநல சேவை நிலையத்திலே பயிர் செய்பவன் பெயரைப் பதியச் செய்யுங்கள். காணிச் சொந்தக்காரரே, அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள். உங்கள் உறுதி அதனால் குறைந்துவிடாது. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, எழுத்துவேலை அறியாத அந்த மனிதனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது தருமமன்று. நீங்கள் உண்ணும் சோற்றிற்குச் செலுத்தும் கடன்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இந்நாட்டிலே இருக்கின்றது. எச்சரிக்கை இன்று வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் வரமுடியும். ஆனால் அது தமிழிலே, உரிய வேளையிலே, வயலில் நிற்பவனுக்கு விளங்கும் சொல்லிலே வரவேண்டும். விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. இதைக் கேட்பது சலுகையன்று, உரிமை.

காற்றை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அடுத்த மாரி வருமுன் பாடசாலைக் கூரையை இறுக்கிக் கட்டவும், வாய்க்காலை வெட்டவும், பதிவேட்டைச் சரிபார்க்கவும் நம்மால் முடியும். அவ்வேலையை இக்கூட்டம் கலையுமுன் பங்கிட்டுக் கொள்வோமாக.