காற்று விட்டால்தான் கப்பல்

(சங்கத்தின் லண்டன் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஒரு பயணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்" என்று செயலாளர் கேட்டபோது பாரிஸ், ரோம் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவதோ, கடைகள் குறைவாகவும் காற்று தாராளமாகவும் உள்ள ஓர் இடத்தைப் பற்றி. ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலில் ஏறத்தாழ 210 கிலோமீற்றர் நீளத்துக்குச் சங்கிலிபோலக் கிடக்கின்றன வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள். கெல்ரிக் மொழிகளில் ஒன்றாகிய கேலிக் இன்றும் அங்கே பலர் பேசும் மொழி. வீதிப் பலகைகளிலும் அதுவே முதலில் நிற்கும்.

ஒரே வகுப்பில் படித்த மூவர் போனோம். ஒருத்திக்கு முழங்கால் வருத்தம். மற்றவள் ஊர்காவற்றுறைக்காரி, 1980களில் ஊரை விட்டு வந்தவள், அதன்பின் போகவேயில்லை. மூன்றாவது நான். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்: 12 நாள்களுக்கும் மணிக்கணக்கில் அட்டவணை போட்டு, மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

ஓபான் துறைமுகத்தில் காரைக் கப்பலில் ஏற்றினோம். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். பாரா தீவின் காசில்பே துறைக்குள் கப்பல் திரும்பியபோது, தண்ணீருக்கு நடுவே ஒரு பாறைமேல் தனியே நிற்கும் கோட்டை தெரிந்தது. ஊர்காவற்றுறைக்காரி மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கட கடற்கோட்டை அல்லோ!" என்றாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அது கிசிமுல் கோட்டை. மக்னீல் குலத்தலைவர்களின் சொத்து. 2000ஆம் ஆண்டில் அதை அரச தொல்பொருள் நிறுவனத்துக்கு ஆயிரம் வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வருட வாடகை ஒரு பவுணும் ஒரு போத்தல் விஸ்கியும்!

மூன்றாம் நாள் காலை எரிஸ்கே தீவுக்குப் போகவேண்டும். நாற்பது நிமிடக் கடல்தான். ஆனால் காற்று எழும்பிவிட்டது, கப்பல் இல்லை. நான் அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு கவலைப்பட்டேன். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா அதை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இங்கே காற்று விட்டால்தான் கப்பல்" என்று சொல்லி, சூப்பும் பாணும் கொண்டுவந்து வைத்தார்.

அன்று முழுவதும் அவருடைய குசினி மேசையில் இருந்தோம். யன்னலுக்கு வெளியே தெரிந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். "அந்த வீட்டுப் பிள்ளைகள் கிளாஸ்கோவில். இந்த வீட்டார் கனடாவில். அது பூட்டிக் கிடக்கிறது; கோடையில் மட்டும் வருவார்கள்." கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர், "உங்கள் ஊரின் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டார். தங்கள் ஊரின் கேலிக் பெயருக்குக் கோட்டைக் குடா என்று பொருளாம்.

ஊர்காவற்றுறைக்காரி யோசித்துச் சொன்னாள்: "ஊரைக் காக்கும் துறை." சொல்லிவிட்டு அழுதாள். இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் ஊரின் பெயரை உச்சரிக்க முடியவில்லை என்றவர்கள்தாம் உண்டு. பொருள் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்றாள்.

அந்த நாளோடு என் அட்டவணை பெட்டிக்குள் போய்விட்டது.

மறுநாள் காற்று விட்டது. எரிஸ்கேயிலிருந்து வடக்கே பேர்னரே வரை தீவுகளைத் தாம்போதிகள் இணைக்கின்றன. பென்பெக்குலாவுக்கும் வட யூவிஸ்ற்றுக்கும் இடையே 1960வரை வற்றுக்கடலைப் பார்த்தே மணலில் கடந்தார்கள். பேர்னரேக்கு 1999இலும் எரிஸ்கேக்கு 2001இலும்தான் தாம்போதி வந்தது. வீதியோரத்தில் "நீர்நாய் கடக்கும், கவனம்" என்று பலகைகூட இருக்கிறது. பல இடங்களில் ஒரு கார் மட்டும் போகும் ஒடுக்கமான வீதி. எதிரே வாகனம் வந்தால் அதற்கென விட்ட இடத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். கடந்து போகிறவர் கையசைப்பார். ஒரு மணித்தியாலத்தில் இருபது பேருக்குக் கையசைத்துப் பாருங்கள், மனம் தானாக இளகிவிடும்.

மீண்டும் ஒரு கப்பல்; ஒரு மணி நேரத்தில் ஹரிஸ். அங்கே நெசவுகாரர் வீட்டுக் கொட்டிலில் தறி ஓடுவதைப் பார்த்தோம். தீவார் தங்கள் வீட்டிலேயே நெய்த கம்பளித் துணியை மட்டும்தான் ஹரிஸ் ருவீட் என்று விற்கலாம். அதற்கு 1993இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அதனால் சிலருக்காவது ஊரிலேயே தொழில் இருக்கிறது.

கடைசியாக லூயிஸ். கலனிஷில் ஏறத்தாழ 5,000 வருடப் பழைமையான நிறுத்திய கற்கள். அவற்றைவிட என் மனத்தில் நிற்பது ஸ்ரோர்னவே துறைமுகத்துக்கு அருகேயுள்ள ஒரு நினைவுக்கல். முதலாம் உலகப்போர் முடிந்து, 1919 புத்தாண்டு நாளின் அதிகாலையில், வீடு திரும்பிய மாலுமிகளோடு வந்த அயொலெயர் என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி மூழ்கியது. வீட்டுக்கு இவ்வளவு கிட்ட வந்து இருநூறு பேர்வரை இறந்துபோனார்கள். எங்கள் கடலும் அறிந்த துயரம் அது. அங்கே மூவரும் பேசாமல் நின்றோம்.

போக விரும்புவோருக்குச் சில சொற்கள். காருக்கான இடத்தைக் கப்பலில் முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், பல கடைகள் பூட்டியிருக்கும். ஸ்ரோர்னவேயிலிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான். ஆகையால் சனியன்றே சாமான் வாங்கி வையுங்கள். மழைச்சட்டை கட்டாயம். காற்றுக்கென்று இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள். அந்த நாள்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் தந்தது.

திரும்பும் கப்பலில், "ஆரோ ஒருவரின்ர தீவை இவ்வளவு ஆறுதலாய்ப் பார்த்தம். எங்கட தீவை எப்ப பார்க்கிறது?" என்று ஊர்காவற்றுறைக்காரி கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. சென்ற தைமாதம் அவளே போனாள். மூன்று கிழமை; அட்டவணை இல்லை. இறங்குதுறையில் நின்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "கடற்கோட்டை நிற்குது. நானும் நிற்கிறன்."