வீட்டு மெஷினும் லேப் ரிப்போர்ட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "உங்க வீட்ல இருக்கிற மாதிரி ரத்தம் பார்க்கிற மெஷினைக் கூட்டமைப்பு சார்பா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"ன்னு கேட்டீங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். சின்ன வயசில் அவருக்குத் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்ததை யாரும் பெரிசா எடுக்கவில்லை. அது இதய வால்வைக் கெடுத்திருக்கிறது. 32 வயசில் சாரம் ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி ஊர் அடங்கினப்புறம் அவர் பக்கத்தில் படுத்தா கடிகாரம் மாதிரி டிக் டிக்குன்னு கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உலோக வால்வில் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. மாத்திரை பத்தலைன்னா வால்வில் கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாம். கூடிப் போனா உள்ளே ரத்தம் கசியலாம். அதைப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு 1 பக்கத்தில் இருக்கும். இவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது 2.5 முதல் 3.5 வரை.

முதல் வருஷம் எங்களுக்கு விவரம் பத்தலை. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததுன்னு யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டோம். அஞ்சாம் நாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவிச்சு. வாய் ஒரு பக்கம் கோணிச்சு, பேச்சு குழறுச்சு. அரை மணி நேரத்தில் தானே சரியாகி விட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கே பார்த்தா 1.4. அந்த டம்ளர் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மெஷின் என் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தப்போ வாங்கிக் கொடுத்தது. சர்க்கரை பார்க்கிற மெஷின் மாதிரிதான். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் நம்பர் வரும். ஒரு பட்டையின் விலை டவுன் லேபில் டெஸ்ட் எடுக்கிற காசைவிட அதிகம். ஆனா ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "இதை மட்டும் நம்பாதேம்மா. லேபுக்குப் போகிற அன்னைக்கே, சில மணி நேரத்துக்குள்ளே, வீட்டிலும் பாரு. ரெண்டையும் எழுதிக் கொண்டு வா." நான் எங்க குழுவில் 8 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ரொக்கப் புத்தகத்தையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்க்கிற வேலைதானே இதுன்னு நினைச்சேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். தேதி, வீடு, லேப், மாத்திரை அளவு, குறிப்பு.

முதல் தடவை வீட்டில் 2.8, லேபில் 2.6. அடுத்து 3.1, 2.9. அப்புறம் 2.7, 2.5. எது பொய்ன்னு எனக்கு ஒரே குழப்பம். டாக்டர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். லேபில் நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிஞ்ச நீரை மட்டும் எடுத்து, மருந்து கலந்து எத்தனை நொடியில் உறையுதுன்னு பார்ப்பார்களாம். மெஷினில் முழு ரத்தம், மருந்து பட்டையிலேயே தடவியிருக்கும். வழி வேறு என்பதால் கொஞ்சம் வித்தியாசம் வரும், அவருக்கு உண்டான அளவுக்குள் அரைப் புள்ளி வரை கவலை வேண்டாம் என்றார். 4-க்கு மேலே காட்டினால் வித்தியாசம் பெரிசாகும், அப்போ லேபில் பார்த்தே ஆகணும், எனக்குப் போன் பண்ணணும் என்றார்.

ஒரு மார்கழி மாசக் காலையில் மெஷின் 1.9 காட்டியது. எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்து கை கால் ஓடவில்லை. உடனே லேபுக்குப் போனோம். 2.8. தப்பு என்னுது. குளிர்ந்த தண்ணியில் கழுவின கையைச் சரியாத் துடைக்காமல், ரத்தம் வரலைன்னு விரலைப் பிதுக்கு பிதுக்குன்னு பிதுக்கி, நேரமாகி வந்த சொட்டை வைத்திருக்கிறேன். வெந்நீரில் கையைக் கழுவி, நல்லாத் துடைச்சு, குத்தின உடனே வருகிற முதல் சொட்டை வைக்கணும். மே மாசம் தகரக் கூரை சூட்டில் வைத்து ரெண்டு பட்டையை வீணாக்கினதும் நான்தான். 30 டிகிரிக்கு மேலே ஆகாதுன்னு டப்பாவிலேயே போட்டிருக்கு, யார் படிக்கிறா?

இந்த வருஷம் மாசியில் நடந்ததைத்தான் முக்கியமாச் சொல்லணும். வீட்டில் 3.0. அன்னைக்கே டவுன் லேபில் 4.9. அங்கே இருந்த பையன், "மெஷினெல்லாம் விளையாட்டுச் சாமான் அக்கா, ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்துங்க" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நிறுத்தினா டம்ளர், நிறுத்தலைன்னா ரத்தக்கசிவு. பஸ் ஸ்டாண்டில் நின்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நர்சம்மா முதலில் கேட்டது, "எங்காவது ரத்தம் வருதா? மலம் கறுப்பாப் போகுதா?" இல்லை என்றேன். அடுத்து, "நீல மூடி போட்ட குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிறைஞ்சுதா?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. இவர்தான் சொன்னார், "நரம்பு கிடைக்காமப் பாதிதான் வந்துச்சு, போதும்னு எடுத்துட்டான்."

அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே ஒரு திரவம் இருக்குமாம். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. ரத்தம் குறைஞ்சா திரவம் மிஞ்சி, உறைய நேரமாகி, நம்பர் கூடக் காட்டும். டாக்டரைக் கேட்டுச் சொன்னார்கள்: மாத்திரையில் கை வைக்காதீங்க, ராத்திரி மாத்திரைக்கு முன்னாடி இங்கே வந்து இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க. அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சோம். ஏழரைக்கு ரிப்போர்ட் வந்தது, 2.9. வழக்கமான மாத்திரையை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டார்.

இதனால் லேப் தப்பு, மெஷின்தான் சரின்னு எடுத்துக்காதீங்க. மார்கழியில் மெஷினைப் பார்த்து நானே மாத்திரையைக் கூட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? பாஸ்புக்குக்கும் நம்ம புத்தகத்துக்கும் இடிச்சா ரப்பர் வைத்து அழிச்சுச் சரிக்கட்டுவோமா? ரசீதைத் தேடுவோம். இதிலும் அப்படித்தான். கை ஈரமா, சொட்டு எப்படி, குழாய் நிறைஞ்சுதா, புதுசா வலி மாத்திரை ஏதும் போட்டாரா, அந்த வாரம் முருங்கைக்கீரை கூடுதலான்னு ஒவ்வொண்ணாப் பார்க்கணும். கீரையை விடவே வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாச் சாப்பிடணும்னுதான் எங்க டாக்டர் சொன்னது.

இப்போ மெஷின் விஷயம். பொதுவா வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோபிக்காதீங்க. விரலில் குத்துகிற ஊசியை ஒருத்தருக்கு மேலே உபயோகிக்கக் கூடாது. பத்துக் கை மாறினால் யார் கண்காணிக்கிறது? பட்டைக்குக் காலாவதித் தேதி வேறு. எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊராட்சியில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவங்க மூணு பேர்தான். அவங்களுக்கு மாசம் ஒரு தடவை லேபுக்குப் போய்வர வட்டியில்லா உள்கடனாக 500 ரூபாய், கேட்ட அன்னைக்கே கொடுக்கிற மாதிரி ஒரு தீர்மானம் போடுங்க. அதுதான் என் கோரிக்கை.

என் நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். கோடு போடுகிற விதம் தெரியணும்னா சாப்பாட்டு நேரத்தில் வாங்க, பொருளாளர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.