செய்கூலி எங்கே போச்சு? ஒரு வெள்ளி காபி செட்டின் கதை

நகைக்கடை பில்லை எல்லாரும் பார்த்திருப்பீங்க. உலோகத்தோட விலை ஒரு வரி, செய்கூலி இன்னொரு வரி. அதே நகையைத் திருப்பி விக்கப் போனா அந்த ரெண்டாவது வரி காணாமப் போயிடும். இன்னைக்கு அந்த ரெண்டாவது வரியைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆனா இடம் அமெரிக்கா, பொருள் கையால் செஞ்ச பழைய வெள்ளி காபி செட்.

பாஸ்டன், 1773. பால் ரிவியர்ங்கிற பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1775ல பிரிட்டிஷ் படை கிளம்பிடுச்சுன்னு ராத்திரியில குதிரை ஏறிப் போய் எச்சரிச்சவர். அவருக்குச் சோறு போட்டது வெள்ளிப் பட்டறை. அவரோட கணக்குப் புத்தகங்கள் இன்னமும் பாஸ்டன்ல பத்திரமா இருக்கு. வெள்ளிக்கு இவ்வளவு, செய்யறதுக்கு இவ்வளவுன்னு அங்கேயும் தனித்தனியாத்தான் எழுதுவாங்க.

வெள்ளி எங்கேர்ந்து வரும்? பெரும்பாலும் பழைய பாத்திரமும் ஸ்பானிஷ் நாணயமும்தான். உருக்கிக் காபிப் பாத்திரமா மாத்திக்குவாங்க. பேங்க் கிடையாது இல்லையா? மூட்டை நாணயம் திருடு போனா யாரோடதுன்னு நிரூபிக்க முடியாது. குடும்பச் சின்னம் பொறிச்ச பாத்திரம் போனா அடையாளம் சொல்லலாம். சேமிப்புக் கணக்கு, ஆனா அதுல காபி ஊத்திக் குடிக்கலாம்.

அந்த வருஷம் ரிவியருக்குக் கிடைச்ச பெரிய ஆர்டர், வூஸ்டர் ஊர் டாக்டர் வில்லியம் பெய்ன் கொடுத்தது. கல்யாணப் பொண்ணு லோயிஸ் ஆர்னுக்காக, காபிக்கும் டீக்குமா 45 உருப்படி. டெலிவரி ஆன சில மாசத்துல, டிசம்பர் 16ஆம் தேதி, பாஸ்டன் துறைமுகத்துல தேயிலைப் பெட்டிகள் தண்ணிக்குள்ள போச்சு. அந்தச் செய்தியை நியூயார்க்குக்குக் குதிரையில கொண்டு போனதும் ரிவியர்தான். பெய்னோ ராஜாவோட கட்சி. கிளையன்ட் ஒரு பக்கம், வெண்டர் எதிர்ப் பக்கம்! பில்லை முன்னாடியே முடிச்சது நல்லதாப் போச்சு.

அதுக்கப்புறம் டீ குடிக்கிறதே துரோகம்னு ஆயிடுச்சு. 1774ல பயணத்துல இருந்த ஜான் ஆடம்ஸ், தங்கின வீட்டுல டீ கிடைக்குமான்னு கேட்டிருக்கார். அந்தம்மா மறுத்துட்டுக் காபி போட்டுத் தர்றேன்னாங்க. பின்னாள் ஜனாதிபதிக்கே அந்தக் கதி.

சரி, அந்தக் கூலி எதுக்கு? தட்டையான வெள்ளித் தகடை இரும்புத் தாங்கி மேல வெச்சு, சுத்திச் சுத்திச் சுத்தியலால அடிச்சே மேல எழுப்பணும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிடும். விட்டா விரிசல் விழும். அதனால நெருப்புல காட்டி இளக்கி, திரும்ப அடி. இப்படி எத்தனையோ சுத்து. அப்புறம் மூக்கைத் தனியா செஞ்சு பற்றவைக்கணும். கைப்பிடி மட்டும் மரம். வெள்ளி சூட்டை அவ்வளவு வேகமா கடத்தும், வெறுங்கையால பிடிக்க முடியாது.

இதையெல்லாம் ரிவியர் ஒருத்தரே அடிச்சாரான்னா, இல்லை. பட்டறையில கூலிக்கு வேலை செஞ்சவங்க, தொழில் கத்துக்க வந்த பசங்க எல்லாரும் இருந்தாங்க. அடியில விழுந்த முத்திரை மட்டும் ஒரே பேரு. என் கோடுக்கும் டீம் லீட் பேருல பாராட்டு போயிருக்கு, அதனால இந்த இடத்துல கொஞ்சம் நின்னுட்டேன்.

இன்னொண்ணு. 1785ல ரிவியர் வெள்ளியை நசுக்கித் தகடாக்குற உருளை மெஷினை வாங்கிட்டார். தகடை வளைச்சு ஓரத்தைப் பற்றவைச்சா டீப்பாத்திரம் சீக்கிரம் ரெடி. 'கைவினை'ன்னதும் உருகுறது நாமதான். அந்த மனுஷனுக்கு வேலை முடிஞ்சாகணும்.

இப்போ நேரா 1980. முந்தின வருஷத் தொடக்கத்துல அவுன்ஸ் சுமார் 6 டாலரா இருந்த வெள்ளி, ஜனவரியில 50 டாலர்கிட்ட போயிடுச்சு. ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவிச்சது அதுக்கு முக்கியக் காரணம். அமெரிக்கா முழுக்க ஜனங்க பாட்டி காலத்து வெள்ளிச் சாமானை அள்ளிட்டுப் போய் எடைக்குப் போட்டாங்க. பெரும்பாலானது ஃபாக்டரிச் சாமான். ஆனா கையால அடிச்சதும் அதுல போயிருக்கும், தராசுக்கு வித்தியாசம் தெரியாதே. மார்ச்ல விலை சரிஞ்சுது. உருகினது உருகினதுதான்.

காசு தேவைப்பட்டவங்களை நான் குறை சொல்லலை. என் கோபம் வேற. 92.5 சதவீதம் வெள்ளின்னு பார்த்துக் காசு கொடுத்தவங்க, பாத்திரத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். கையால எழுப்பினதுல நடுவுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். வட்டம் சரியா வர்றதுக்காகக் கவராயத்தைக் குத்தின இடம். உள்ளே வெளிச்சம் அடிச்சா லேசா சுத்தியல் தடம் தெரியும். உடம்புல செங்குத்தா ஒட்டு இருக்காது.

பெய்ன் டாக்டர் பிரிட்டிஷ் பக்கம் போய், பல வருஷம் கழிச்சு வூஸ்டருக்கே திரும்பி வந்தார். அந்த செட் இப்போ அதே ஊர் கலை அருங்காட்சியகத்துல இருக்கு. யாராவது அந்தப் பக்கம் இருந்தா போய்ப் பார்த்துட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும், அடிப்பக்கம் பார்க்க விடமாட்டாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.