ஒரு சரீரத்தில் மூன்று வியாதி



மார்கழி விடியலில் மணவூரில் ஒரு சிறுமி முகம் கழுவ, தண்ணீர் பட்ட விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து, நீலம் பாய்ந்து, பின் சிவந்து எரிச்சலெடுக்குமானால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் விட்டுவிடுவது இயல்பே. திருத்தணி மலையின் 365 படிகளையும் முன்பு ஓடி ஏறியவள் இப்போது பாதியில் தொடை சோர்ந்து உட்கார்ந்தால் சோம்பல் என்றும், வெயிலில் கன்னம் தடித்தால் சூடு என்றும், காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தால் வாயு என்றும் தனித்தனியே காரணம் கற்பிக்கப்படுகின்றன; இவையனைத்தும் ஒரே காரியத்தின் அங்கங்களாக இருக்கலாம் என்பது கடைசியில்தான் யாருக்காவது தோன்றுகிறது.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சரீரத்தை அந்நியமென்று எண்ணித் தாக்கும் வியாதிகளில், லூபஸ், ஸ்கிளிரோடெர்மா, தசையழற்சி மூன்றையும் நூல்கள் வெவ்வேறாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆயினும் அவற்றின் லட்சணங்கள் ஒருவரிடமே கலந்து தோன்றுவதைக் கண்ட கார்டன் ஷார்ப் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், அத்தகையோரின் ரத்தத்தில் ஒரு விசேஷமான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதை ஆராய்ந்து, 1972-இல் இந்தக் கலவையான நிலையைக் கலப்பு இணைப்புத் திசு நோய் என்று தனியே வகுத்தார்கள். பரிசோதனைச் சீட்டில் யூ1 ஆர்.என்.பி. என்று காண்பது அந்த எதிர்ப்பொருளையே. குழந்தைகளுக்கு இது அபூர்வமாகவே வருவதால், வைத்தியருக்கும் சட்டென்று நினைவு வராததில் வியப்பில்லை.

முதலில் மூட்டுவாதம் என்றவர் பிறகு லூபஸ் என்றும், அதன் பிறகு கலப்பு நோய் என்றும் சொல்ல நேர்ந்தால், டாக்டருக்கே தெரியவில்லை என்று பெற்றோர் வேறிடம் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது வைத்தியரின் தடுமாற்றமன்று. வியாதியே தன் சுபாவத்தைத் தவணை தவணையாக வெளியிடுகிறது. ஆகவே பழைய சீட்டுகளையெல்லாம் பத்திரப்படுத்தி ஒரே இடத்தில் தொடர்ந்து காட்டி வருவதே உபயோகம். மணவூரில் மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பெரிய ஆஸ்பத்திரியில் வாத நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு. சிறு பிள்ளைகளுக்கு எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது.

சிகிச்சையில் ஸ்டீராய்டு சேர்ந்தால் முகம் உப்பலாம். அக்கம்பக்கத்தாரின் வாய்க்குப் பயந்து (நம் ஊர்களில் இந்த உபத்திரவம் வியாதிக்குச் சற்றும் குறைந்ததன்று) மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது பேராபத்து, ஏனெனில் சரீரம் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் ஓய்ந்திருக்கும் சமயம் அது. வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தால் கண் பரிசோதனையும், மூச்சு வாங்கினால் தாமதியாமல் இருதய, நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். இது தொற்று நோயன்று. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைத் தனியே ஒதுக்க வேண்டியதில்லை, விளையாட்டு வேளையில் வெயிலில் நிறுத்தாமலிருந்தால் போதும்.